வெள்ளமும் அண்டை வீடும்

ஆபத்து வந்துவிட்டால் ஜனங்கள் மதியிழந்து, ஒருவரையொருவர் மிதித்துத் தள்ளிக்கொண்டு, தலைதெறிக்க ஓடுவார்கள் என்பது சினிமா எடுப்பவர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் வாதப் பிரதிவாதமின்றி ஒப்புக்கொள்ளும் அபூர்வமான விஷயங்களுள் ஒன்று. ஏரி உடைகிற காட்சியென்றால் திரையில் கூச்சலும் ஓட்டமும் இல்லாமல் முடியாது; எச்சரிக்கை விடவேண்டிய நேரத்தில், விட்டால் என்ன கலவரம் விளையுமோ என்று தயங்குகிற அதிகாரியின் மனத்திலும் அந்தப் படமே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றின் கரையோரத்து நகர்களில், ஒரு கார்த்திகை மாத வெள்ளத்தையாவது வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்களைக் கேட்டால், அவர்கள் சொல்லும் கதையில் ஓட்டம் மிகக் குறைவாகவும் உட்கார்ந்திருத்தல் மிக அதிகமாகவும் இருக்கும். ஓடவேண்டிய வேளையில் அவர்கள் காபி போட்டார்கள். ஈரம் காயாத துணியை மின்விசிறிக்குக் கீழே மாற்றிப் போட்டார்கள். மின்சாரம் போனதும் மெழுகுவர்த்தி எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பதற்றத்தினால் இறந்தவர்களைவிடப் பதறவேண்டிய நேரத்தில் பதறாமலிருந்து இறந்தவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி காலை தொடங்கி மறுநாள் காலை முடிய, ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று; செம்பரம்பாக்கத்தில் 47. அந்தப் பிரளயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியையே பேசுகிறார்கள். சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அது பொருந்தும். முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் அது பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலைக்குப் பக்கத்தில்தான் அடையாற்றோடு வந்து கலக்கிறது. முடிச்சூரோ அதற்கு மேற்புறத்தில், ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பை என்று ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிகிற ஏரிகளின் வடிகாலுக்கு நேர் முகமாக உட்கார்ந்திருக்கிறது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே சொல்லுவார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கடைசியில் எல்லாம் சேர்ந்து ஆறாகும். இந்தக் கிரமம் தெரிந்தவர்கள் ஊர் நத்தத்தை மேட்டிலும் நஞ்சையைத் தாழ்விலும் வைத்தார்கள். பிற்காலத்தில் நஞ்சையை மனையாகப் பிரித்து விற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும், வாங்கியவர்களுக்குத்தான் தெரியவில்லை. அவர்கள் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பிழைப்புக்காக வந்து, மாம்பலத்திலும் குரோம்பேட்டையிலும் வாடகைக்கு இருந்து, வங்கிக் கடனில் ஒரு கிரவுண்டு நிலம் வாங்கி, மகாலட்சுமி நகர், அஷ்டலட்சுமி நகர் என்று மங்களகரமான பெயர் பொறித்த பலகைகளுக்குப் பின்னால் வீடு கட்டிக் குடியேறியவர்கள். தங்கள் வீட்டுக்கு மேற்கே எத்தனை ஏரிகள் இருக்கின்றன என்பதை அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

வெள்ளம் வாசல் வழியாக வரும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அது குளியலறை வழியாக வந்தது. வரதராஜபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், முதலில் தரையிலுள்ள ஜாலிக்குக் கீழே குமிழி விடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. பிறகு பழுப்பு நிறத்தில், சாக்கடை நாற்றத்தோடு, நீர் மெல்ல எழும்பியிருக்கிறது. வீட்டு அம்மாள் ஒரு பழம்புடவையைச் சுருட்டி ஓட்டையில் அடைத்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். கணவர் வாசற்கதவின் அடியில் கோணிப்பையைத் திணித்தார். சற்று நேரத்தில் குழவியைச் சுற்றி நீர் தளும்பியது. உடனே கிளம்பினார்களா என்றால், இல்லை. பிரிட்ஜைத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்தார்கள், வீட்டுப் பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் போட்டார்கள், அரிசி டப்பாவை மேடைமேல் ஏற்றினார்கள். முழங்காலுக்கு மேல் நீர் வந்த பிறகு, சமையலறையில் பாதி தீர்ந்துபோன காஸ் சிலிண்டர் மிதந்து சுவரில் முட்டி முட்டி ஓசை எழுப்பிக்கொண்டிருந்ததாம். மாடியில் குடியிருந்த பையன் மூன்று தடவை படியிறங்கி வந்து, "மாமி, மேல வந்துடுங்க" என்று கூப்பிட்டான். மூன்று தடவையும் அவனுக்குக் கிடைத்த பதில், "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்ப்பா" என்பதுதான். நான்காம் தடவை அவன் கேட்கவில்லை. "தாத்தாவை நான் தூக்கிண்டு போறேன், நீங்க மாத்திரைப் பையை எடுத்துண்டு பின்னாடி வாங்கோ" என்று சொல்லி, எண்பது வயதுக் கிழவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். அந்த அம்மாள் பின்னாலேயே போனார். மூன்று முறை சொன்ன யோசனைக்கு இல்லாத பலம், நான்காம் முறை சொன்ன சின்னஞ்சிறு உத்தரவுக்கு இருந்தது.

இதை ஏதோ நம்மவர்களின் மந்தபுத்தி என்று நினைக்கவேண்டாம். மனித சுபாவமே இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆபத்தில் உயிர் தப்பியவர்களையும் தப்பாதவர்களையும் நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் லீச் என்ற ஆங்கிலேய மனோதத்துவ நிபுணர், திடீர் விபத்தில் சிக்குகிறவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் நிதானம் தவறாமல் காரியமாற்றுவார்கள் என்றும், அதே அளவினரோ அதற்குச் சற்றுக் குறைந்தவர்களோ நிலைகுலைந்து அழுவதும் அலறுவதுமாகிவிடுவார்கள் என்றும், மிச்சமுள்ள முக்கால்வாசிப் பேர் திகைத்து, ஒன்றும் செய்யத் தோன்றாமல் இயந்திரம்போல் இருப்பார்கள் என்றும் கணித்திருக்கிறார். 1994ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், பால்டிக் கடலில் 'எஸ்டோனியா' என்ற கப்பல் சாய்ந்து மூழ்கி 852 பேர் மாண்டபோது, தப்பி வந்தவர்கள் சொன்ன சாட்சியங்களில் நெஞ்சை உலுக்குவது, கப்பல் சரிந்துகொண்டிருக்கையிலேயே சிலர் அசையாமல் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள் என்பது. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் விமானம் மோதிய காலையிலும், உள்ளேயிருந்த பலர் படிக்கட்டை நோக்கிப் போகுமுன் தொலைபேசியில் பேசினார்கள், மேஜைமேல் இருந்ததை ஒழுங்குபடுத்தினார்கள், பையில் சாமான்களைச் சேகரித்தார்கள். நேற்றைப்போலவே இன்றும் இருக்கும் என்ற நம்பிக்கை மனத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பிரத்தியட்சமாகக் கண்ணெதிரே நிற்கிற நீரைக்கூட அது கொஞ்ச நேரம் பொய்யென்று சாதிக்க வல்லது.

நேற்றைய அனுபவம் என்ற ஆசானும் இந்த விஷயத்தில் முழுக்க நம்பத்தக்கவர் அல்லர். அந்த 2015ஆம் ஆண்டில் டிசம்பருக்கு முன்பே, நவம்பர் மாத நடுவில், முடிச்சூர்ப் பக்கம் ஒரு வெள்ளம் வந்து போயிற்று. படகுகள் வந்தன, விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மொட்டை மாடிகளிலிருந்து ஆட்களைத் தூக்கின. அதனால் சிலர் டிசம்பரில் மழை பிடித்ததுமே பெட்டியைக் கட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போனார்கள், அவர்கள் புத்திசாலிகள். வேறு சிலரோ நவம்பர் வெள்ளம் சுவரில் விட்டுப்போன சேற்றுக் கோட்டையே வெள்ளத்தின் எல்லையாக வரித்துக்கொண்டார்கள். "போன மாசமே ரெண்டாம் படியைத் தாண்டல சார்" என்று சொல்லிக்கொண்டு, மூன்றாம் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் மேற்குத் தாம்பரத்தில் ஒருவரல்லர். சுவரிலிருந்த கோடு, இதுவரைக்கும் வந்தது என்பதைத்தான் சொல்லும். இதற்குமேல் வராது என்பதை அதனோடு சேர்த்துப் படித்துக்கொண்டது நம் மனம். அனுபவமே இல்லாதவனுக்கு அறியாமையால் வருகிற ஆபத்து, அனுபவமுள்ளவனுக்கு ஞாபகத்தால் வருகிறது.

ஜனங்களின் சுபாவம் இவ்வாறிருக்க, ஆளுகிறவர்களின் கவலை நேர்மாறாக இருக்கிறது. அமெரிக்காவில் என்ரிகோ குவாரன்டெலி என்ற சமூகவியலாளர், 1950களிலிருந்து அரை நூற்றாண்டுக்குமேல் பேரிடர்களையே ஆராய்ந்து, 1963இல் இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் சகாக்களோடு சேர்ந்து நிறுவியவர். கூட்டங்கூட்டமாகப் பீதியடைந்து ஓடுவதும், துயர வேளையில் ஊரைக் கொள்ளையடிப்பதும், நினைப்பதைவிட மிகவும் அரிது என்பதே அவர் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. ஆனாலும் 'பீதி கிளப்பவேண்டாம்' என்ற வாக்கியம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உத்தியோகபூர்வமாக வெளிவருகிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து டிசம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில் திறப்பு படிப்படியாக உயர்ந்து நொடிக்கு 29,000 கன அடியை எட்டியபோது, கீழேயிருந்தவர்களுள் அநேகருக்கு அந்தச் செய்தியை நீர்தான் நேரில் வந்து சொல்லிற்று. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே வர்ணித்தது. பீதி வந்துவிடுமே என்று தகவலை அடக்கிவைப்பது, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்களை எழுந்திருக்காதீர்கள் என்று சொல்வதற்குச் சமானம்.

தகவல் கிடைத்தாலும், அது மட்டும் போதுமா என்றால் போதாது. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே மனிதன் அதை நம்புகிறான். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியன்று, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவ கிராமத்துக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே தொலைக்காட்சியில் கண்ட செய்தியைத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அன்றாடம் கடலின் நிலைமையை அறிவித்து வந்ததும் அதே ஒலிபெருக்கிதான். அதில் கூவினார்கள், ஊர் கரையை விட்டு விலகியது. வீடுகளும் படகுகளும் நூற்றுக்கணக்கில் நாசமாயின; மனிதர்கள் பிழைத்தார்கள். சொன்னவர் ஊர்க்காரர், கூவியது தினமும் கேட்டுப் பழகிய குரல் என்ற இரண்டும் சேர்ந்ததால்தான் ஜனங்கள் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

நம் கிராமங்களில் முன்பு தண்டோரா இந்த வேலையைச் செய்துவந்தது. ஏரிக்கரை பலவீனமாயிருந்தால், கலங்கல் வழியத் தொடங்கினால், பறையடித்து ஊரைக் கூட்டுவார்கள். ஆனால் அந்தப் பறையைச் சுமந்தவன், தன் குரலால் காப்பாற்றிய வீடுகளின் திண்ணையில்கூட உட்கார அனுமதிக்கப்படாதவன். 2022இல் அரசு தண்டோராவைத் தடைசெய்தது நியாயம். அந்த இழிவு போகவேண்டியதுதான். இழிவு போன இடத்தில், தெருத்தெருவாக நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு குரலை நாம் இன்னும் வைக்கவில்லை என்பதே என் வருத்தம். கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் இருக்கும்வரை வரும்.

முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அந்த இரவில் கோபுரங்கள் ஓய்ந்துபோயின. மொட்டை மாடிகளில், பத்து வருஷமாக ஒரே தெருவில் வசித்தும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத குடும்பங்கள், ஒரே தார்ப்பாயின் கீழே ஒண்டிக்கொண்டன. இருந்த பாலைக் குழந்தைகளுக்கும், இருந்த பிஸ்கட்டைக் கிழவர்களுக்கும் என்று யாரும் சொல்லாமலே ஒரு பங்கீடு ஏற்பட்டது. பிறகு கடலோரக் குப்பங்களிலிருந்து லாரியில் ஏற்றிவந்த படகுகளோடு மீனவர்கள் வந்தார்கள். தெருவைக் கடலாகப் பாவித்து, காம்பவுண்டுச் சுவர்களின் மேல் நுனியைத் துடுப்பால் தடவிக் கண்டுகொண்டு படகு விட்டார்கள். பள்ளிவாசல்களும் கோயில் மண்டபங்களும் கல்யாண மண்டபங்களும் அடுப்பு மூட்டின. சர்க்காரின் மீட்புப் படையும் ராணுவமும் செய்த தொண்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதல் இரவு அவர்கள் வசமில்லை. எந்த நாட்டிலும் முதல் இரவு அவர்கள் வசமிருந்ததில்லை. 1995இல் ஜப்பானின் கோபே நகரம் பூகம்பத்தில் இடிந்தபோதும், இடிபாடுகளிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோரை எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாருமே. கோபேயையும் நம் தமிழ்நாட்டு சுனாமிக் கிராமங்களையும் சேர்த்து ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஓர் ஊர் மீண்டெழுவதைப் பணத்தையும் சேதத்தின் அளவையும்விட, அவ்வூராருக்குள் ஏற்கெனவே இருந்த பரிச்சயமும் நம்பிக்கையுமே அதிகம் நிர்ணயிக்கின்றன என்று காட்டுகிறார். அந்தப் பரிச்சயத்துக்கு வெளியே நின்ற சாதியாரையும் தனித்திருந்தவர்களையும் நிவாரணம் எட்டாமற்போனதையும் அவரே நம் கடற்கரையில் கண்டு எழுதியிருக்கிறார்.

ஆதலால் வெள்ளம் மனிதர்களைப் புனிதர்களாக்கிவிட்டது என்று பாடத் தேவையில்லை. அதே நாட்களில் ஒரு லிட்டர் பாலை நூறு ரூபாய்க்கு விற்றவர்கள் உண்டு. கீழ்த்தளத்து வாடகைக்காரர் மாடியேறி வந்ததும், தண்ணீர் வடிவதற்கு முன்பே அந்த மாத வாடகையை ஞாபகப்படுத்திய வீட்டுக்காரரும் உண்டு. நீர் வடிந்தபின் தெருக்களில் மலைபோல் குவிந்த மெத்தைகளையும் சேற்றையும் அள்ளியவர்கள் வெளி ஜில்லாக்களிலிருந்து லாரியில் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். நன்றி சொல்லிய கூட்டங்களில் அவர்களுக்கு ஆசனம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. எல்லாவற்றினும் பெரிய முரண் பெரும்பாக்கத்தில் நடந்தது. அடையாற்றங்கரையிலும் கூவத்தின் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை, இனி வெள்ளத்தில் சிக்கவேண்டாம் என்று சொல்லிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வு. மழை வந்தால் அங்கேயும் நீர் நிற்கிறது. கரையில் இருந்தபோது ஒரு குடிசையில் குழந்தை அழுதால் அடுத்த குடிசைக்குக் கேட்கும். எந்தக் கிழவிக்கு நடக்க முடியாது என்பது சந்து முழுவதற்கும் தெரியும். வீடு ஒதுக்கியபோது அந்தச் சந்தைக் கலைத்துப் பல மாடிகளில் சிதறவிட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, வெள்ளத்தில் காப்பாற்றக்கூடிய ஒரே சொத்தைப் பறித்தாயிற்று.

பிற்பாடு நாம் ஒன்றும் கற்கவில்லை என்றும் சொல்லமுடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து முடிச்சூரும் வரதராஜபுரமும் பெருங்களத்தூரும் வேளச்சேரியும் மறுபடி மூழ்கியபோது, முன்கூட்டியே வெளியேறியவர்கள் 2015ஐவிட அதிகமாகத்தான் இருந்திருக்கவேண்டும் என்பது தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பார்த்தபோதே தெரிந்தது. ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்கள், ஏரி நீரைத் திருப்பிவிட மூடிய கால்வாய்கள் போட்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த மாத்திரத்தில், வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றுகொண்டன. அந்தக் காட்சியைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும், வானிலை அறிவிப்பைக் கேட்டவுடன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் பழக்கம் ஒரு ஜனசமூகத்துக்கு வந்துவிட்டது என்பது லேசான காரியமல்ல. காருக்கு வந்த அந்தப் பழக்கம், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கும் வரவேண்டும், குறை அவ்வளவுதான்.

வடிகாலும் கால்வாயும் ஏரி மீட்பும் சர்க்காரின் கடமைகள். அவற்றை ஜனங்களின் நல்ல குணத்தின் தலையில் கட்டிவிட்டு யாரும் நழுவிவிடக் கூடாது. அந்தக் கடமைகளெல்லாம் கிரமமாக நிறைவேறினாலும், 49 சென்டிமீட்டர் மழையைத் தாங்குகிற கால்வாயை எந்த நகரமும் இன்னும் கட்டவில்லையாதலால், முதல் சில மணி நேரங்கள் எப்போதும் தெருவின் பொறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் முக்கால்வாசிப் பேர் திகைத்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த முக்கால்வாசியில் நானும் இருப்பேன், இதை வாசிக்கிறவரும் இருக்கலாம். அப்போது நம்மை எழுப்பக்கூடியவர், நமக்குப் பேர் தெரிந்த, நம் பேர் தெரிந்த ஒருவர்தான். ஆகையால் ஐப்பசி பிறப்பதற்கு முன் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் சரிபார்க்கிற குடித்தனக்காரர்கள், தங்கள் தெருவில் படியேற முடியாதவர்கள் யார், இன்சுலின் பெட்டியோடு வாழ்கிறவர்கள் யார், மாடி இல்லாத வீடுகள் எவை, எந்த மாடி எவருக்குத் திறக்கும் என்பதையும் ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளலாம். இதற்கு டெண்டர் வேண்டாம், மானியம் வேண்டாம், மந்திரி வந்து அடிக்கல் நாட்டவும் வேண்டாம். நம் குடியிருப்போர் நலச் சங்கங்கள் குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதுவதில் காட்டுகிற சிரத்தையில் பாதியை இதற்குக் காட்டினால், அடுத்த வெள்ளத்திலும் வீடு நனையத்தான் செய்யும். ஆனால் மூன்றாம் படியில் உட்கார்ந்திருப்பவரைக் கையைப் பிடித்து எழுப்ப ஆள் இருக்கும்.